மேரிக்கு ஒரு முகம் கொடுத்திருக்கலாமே?

செங்காந்தள்
வட லண்டனில் நியூயிங்டன் கிரீன் என்ற சின்னத் திடலில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்கு வைத்திருக்கும் சிற்பத்தைப் போன வாரம் நேரில் பார்த்தேன். 2020 நவம்பரில் திறந்தபோது நடந்த சண்டையை எல்லாம் அப்போதே படித்திருந்தேன். வெறும் படத்தை வைத்துப் பேசக் கூடாது என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். நேரில் பார்த்த பிறகும் மனசு ஆறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1792இல் பெண்ணுரிமைக்காக வாதாடி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் மேரி. அதற்கு எட்டு வருஷம் முன்பு இதே திடலின் அக்கம்பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று பத்து வருஷம் அலைந்து 1,43,000 பவுண்டு திரட்டினார்கள். செய்தவர் சிற்பி மேகி ஹாம்ப்ளிங். வெள்ளிப் பளபளப்பு ஏற்றிய வெண்கலம். அலைபோலத் திரண்டு மேலே எழும் ஒரு வடிவம். அதன் உச்சியில் ஆடையில்லாமல் நிற்கும் ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் மேரி இல்லை, யாரோ ஒருத்தி. பத்து வருஷம் காசு சேர்த்தது யாரோ ஒருத்திக்காகவா?

கல்தச்சன்
யாரோ ஒருத்தி என்பதுதானே விஷயமே! இது மேரியின் சிலை இல்லை, மேரிக்கான சிற்பம் என்று ஹாம்ப்ளிங் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆடை போட்டால் அந்த உருவம் ஏதோ ஒரு காலத்துக்குள் அடைபட்டுவிடும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். மார்பளவுச் சிலையா, முழு உருவமா என்று கேட்டுவிட்டு, கையில் கொடுத்த போட்டோவைப் பார்த்துக் களிமண்ணில் பிடித்து, அச்சு எடுத்து, வார்த்துக் கொடுப்போம். திறப்பு விழா அன்று மாலை விழும். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகிற யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் கையால் செய்த சிலைகளுக்கே இந்தக் கதி என்றால் எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள்.

இதே ஹாம்ப்ளிங் 2003இல் ஆல்ட்பரோ கடற்கரையில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்காக ஒரு நினைவுச் சின்னம் செய்தார். அதில் பிரிட்டன் கிடையாது, ஒரு பெரிய எஃகுச் சிப்பிதான் இருக்கிறது. அதன் விளிம்பில் அவருடைய ஓபரா வரி ஒன்றை எழுத்து எழுத்தாக வெட்டியிருக்கிறார். அந்த ஓட்டைகள் வழியாக வானம் தெரியும். அதன் மேலும் ஆட்கள் பெயின்ட் ஊற்றினார்கள். அதற்காக அது தப்பான சின்னம் ஆகிவிடுமா?

தேன்மொழி
கல்தச்சன் அண்ணா, பிரிட்டனை யாரும் மறக்கவில்லையே. அவர் பாட்டு இன்றைக்கும் மேடையில் ஒலிக்கிறது. அவருக்குச் சிப்பி வைக்கலாம். மேரியின் கதை அப்படியா?

1797இல் மகளைப் பெற்ற பதினோராம் நாள் இறந்துபோனார், 38 வயது. அடுத்த வருஷமே அவர் கணவர் வில்லியம் காட்வின் மனைவி மேல் இருந்த அன்பில் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். காதல்கள், திருமணத்துக்கு முன் பிறந்த மூத்த மகள், தற்கொலை முயற்சிகள், எல்லாம் அதில் இருந்தன. அதோடு முடிந்தது. அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்லாமல் அவர் நடத்தையைப் பேசியே நூறு வருஷம் ஓரங்கட்டினார்கள். யோசித்த மூளையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்த்த ஊர் அது. அவருடைய உழைப்பைக் கௌரவிக்க என்று வைத்த முதல் பெரிய சின்னத்தில் மறுபடியும் உடம்புதானா? அதுவும் ஒல்லியான, கட்டுக்குலையாத உடம்பு. எனக்கு நிர்வாணத்தின் மேல் கோபம் இல்லை. ஆனால் ஆண் எழுத்தாளர் எவருக்காவது இப்படி வைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹாம்ப்ளிங்கே 1998இல் ஆஸ்கர் வைல்டுக்குச் செய்தது வைல்டின் முகத்தோடு, கையில் சிகரெட்டோடு இருக்கிறது.

கல்தச்சன்
வைல்டு விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உடம்பைப் பற்றி மேரியே எழுதியதைப் பாருங்கள். அழகுதான் பெண்ணின் செங்கோல் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தால், மனசு உடம்புக்கேற்ப வளைந்து, பொற்கூண்டுக்குள்ளேயே சுற்றிவந்து தன் சிறையை அலங்கரிப்பதிலேயே குறியாக இருக்கும் என்கிறார். அப்படி எழுதியவரைக் கவுனும் தொப்பியுமாக நிறுத்தினால் அந்த அலங்காரத்தைத்தானே திரும்பப் போர்த்துகிறோம்?

செங்காந்தள்
கவுனும் தொப்பியும்தான் வழி என்று யார் சொன்னது? இந்தச் சிற்பத்தை யார் செய்வது என்று தேர்ந்தெடுக்க நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸும் இருந்தார். அவர் 2016இல் போர்க்களச் செவிலி மேரி சீக்கோலுக்குச் செய்த சிலை செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. கோட்டு காற்றில் விலக, சீக்கோல் விறுவிறுவென்று நடந்து வருகிறார். பின்னால் ஆளைவிட உயரமான ஒரு வட்டத் தகடு. அவர் காயம்பட்டவர்களைக் கவனித்த கிரிமியா மண்ணில் அச்சு எடுத்து வார்த்தது அது. முகமும் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்க்காமல் போகிறவர்கள் குறைவு.

பார்லிமென்ட் சதுக்கத்தில் 2018இல் வைத்த, பெண்கள் ஓட்டுரிமைப் போராளி மில்லிசன்ட் ஃபாசெட்டின் சிலையையும் சொல்ல வேண்டும். கையில் விரித்த பதாகை, பீடத்தைச் சுற்றி ஓட்டுரிமைக்குப் போராடிய 59 பேரின் முகங்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு பெண்ணைக் காட்ட விரும்பினால், பெயரோடு முகத்தோடு பல பேரைக் காட்டலாமே. முகமே இல்லாத ஒருத்திக்குள் அத்தனை பேரையும் ஏன் கரைக்க வேண்டும்?

மேரிக்கு முகம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கடைசிக் காலத்தில் ஜான் ஓப்பி வரைந்த ஓவியம் லண்டனிலேயே தேசிய உருவப்பட அரங்கில் தொங்குகிறது.

வடலண்டன்வாசி
தினமும் அந்தத் திடல் வழியாகத்தான் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

திறந்த சில நாளிலேயே யாரோ அந்தச் சின்ன உருவத்துக்குச் சட்டை போட்டுவிட்டார்கள், இன்னொருவர் ஒட்டுநாடா ஒட்டி மறைத்தார். அந்தப் பரபரப்பு ஓய்ந்து ரொம்ப நாளாகிறது. இப்போது நாய் கூட்டி வருபவர்கள் நிற்கிறார்கள், சுற்றி வருகிறார்கள், பீடத்தில் இருக்கும் வரியைப் படிக்கிறார்கள். பெண்களுக்கு ஆண்கள் மேல் அதிகாரம் வேண்டாம், தங்கள் மேல் தங்களுக்கு அதிகாரம் இருந்தால் போதும் என்று மேரி எழுதிய வரி. மழை பெய்த காலையில் என் மகள் அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தாள். கல்தச்சன் சொல்வதுபோல் நிற்க வைக்கிற சிற்பம்தான், மறுக்க மாட்டேன்.

அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "மேல இருக்கிறவங்கதான் அந்த டீச்சராப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அவங்க எங்க?" என்றாள்.

எதிரிலேயே மேரி போய்வந்த யூனிட்டேரியன் தேவாலயம். 1708இல் கட்டியது. இந்தச் சிற்பம் வருவதற்கு முன்பே அதன் சுவரில் ஸ்டூவி என்ற தெரு ஓவியர் அச்சட்டை (ஸ்டென்சில்) வைத்து மேரியின் உருவத்தைக் கறுப்பில் தெளித்திருந்தார். அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். "ஓ, இவங்களா" என்று பக்கத்தில் போய் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தாள்.

கல்தச்சன்
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். உயரத்தில் வைக்கும் உருவம் கீழிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரியும் என்பதால் அளவைக் கூட்டித்தான் செய்வோம். இங்கே உச்சிப் பெண் பொம்மை அளவில் இருக்கிறாள், அடியில் இருக்கும் திரள்தான் கண்ணை இழுக்கிறது. சின்னதாக இருப்பதே அழகு என்று இதுவரை நினைத்தேன். குழந்தையின் கண் மட்டத்திலிருந்து நான் யோசிக்கவே இல்லை. களிமண் மாதிரி செய்யும்போது முதலில் முட்டி போட்டுப் பார்க்க வேண்டும் என்று என் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

ஆனாலும் அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

தேன்மொழி
எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை அண்ணா. அவர் பள்ளி நடத்தியது, என்ன எழுதினார், எப்படி மறக்கடிக்கப்பட்டார் என்று ஒரு பலகை, அதில் ஓப்பி வரைந்த அந்த முகம், குழந்தை உயரத்தில். இதற்குப் பெரிய செலவு ஆகாது. வடலண்டன்வாசி, உங்கள் வட்டாரத்தில் இதை யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? கடிதம் நான் எழுதித் தருகிறேன்.