வயிறு சரியில்லாட்டி மனசும் சரியில்லாமப் போகுமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): ரெண்டு மாசமா வயிறு ஊதிக்கொண்டே இருக்கு, அதோட காரணமே இல்லாம மனசு பாரம், புள்ளைகளோடயும் எரிஞ்சு விழுறன். காலைல வேலைக்கு ஓடுற அவசரத்துல பணிசும் பால் தேத்தண்ணியும்தான். ரெண்டுக்கும் தொடர்பு இருக்கா?

பதில்: இருக்கு. வேகஸ் நரம்பு எண்டு ஒண்டு குடலையும் மூளையையும் தொடுக்குது, செய்தி ரெண்டு பக்கமும் போகும், அதாலதான் சோதனை நாளில வயித்தைக் கலக்குறது. மனநிலையோட தொடர்புள்ள செரோட்டோனின் எண்ட ரசாயனம் உடம்புல உள்ளதுல 90% அளவு குடல்லதான் உண்டாகுது. ஆனா அது நேரா மூளைக்குள்ள போகாது, அதால தயிர் திண்டாக் கவலை போயிரும் எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க.

பதில்: எனக்கு அன்டிபயோட்டிக் குடிச்ச பிறகு இப்படித்தான் வந்திச்சு. அம்மா காலைல பழஞ்சோத்துல சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, சட்டியில ஆடை கட்டின எருமத்தயிரைச் சீனி போடாம விட்டுப் பிசைஞ்சு தருவா, மத்தியானம் முருங்கயிலை, கௌபி. மூணு கிழமையில வயிறு லேசாகி நித்திரையும் வந்திச்சு.

பதில்: தங்கச்சி, ரெண்டு மாசம் எண்டா டொக்டரிட்ட காட்டுங்க. எடை குறைஞ்சா, மலத்துல ரத்தம் கண்டா சுணங்கவே வேணாம். மனசு தாங்க ஏலாட்டி இலங்கை மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுத்துக் கதைங்க.