புதுப்பிப்பு: ஊட்டி நிலத்தின் பதிவு கிடைத்துவிட்டது

அம்மா வழியில் எங்கள் முன்னோர் ஒருவர் ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர். 1830களில் அவர் வாங்கிய நிலத்தின் பதிவு கோயம்புத்தூர் ஆவணங்களில் இல்லையே, எங்கே தேடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

நான் தேடிய மாவட்டமே தவறு. 1830 முதல் 1843 வரை ஊட்டிப் பக்கம் மலபார் மாவட்டத்தில் இருந்திருக்கிறது! அப்புறம்தான் திரும்பக் கோயம்புத்தூரோடு சேர்ந்தது. இதைச் சுட்டிக்காட்டிய அண்ணனுக்கு ஆயுசுக்கும் நன்றி.

சரி என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் மலபார் பதிவேடுகளைக் கேட்டேன். மூன்றாம் நாள் மதியம் அவர் பெயர் கண்ணில் பட்டது, ஓர் எழுத்து மாறி. மை பழுப்பேறி, தாள் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. நிலத்தை வள்ளக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்; ஒரு வள்ளம் 3.82 ஏக்கர். கிழக்கு எல்லை ஓடை, வடக்கு எல்லை தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக் கதைகளில் அந்த மந்து வந்ததே இல்லை. அங்கே யார் இருந்தார்கள் என்பதையும் இனித் தேடப்போகிறேன்.

அடுத்து, 1831இல் திறந்த தூய ஸ்டீபன் ஆலயத்தின் அடக்கப் பதிவேடு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.