பழைய தேக்கு நாற்காலி: கறுப்புக் கறை, ஆடும் கால், விட்டுப்போன பிரம்பு

வைகைக்கரை, திருநகர்:
1960கள் காலத்துத் தேக்கு நாற்காலி ஒரு ஜோடி. சாய்ந்த கால், மெலிசான கைப்பிடி, இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். கைப்பிடியில ஆணி அடிச்ச இடத்தைச் சுத்திக் கறுப்பா ஊறியிருக்கு. ஒரு கால் ஆடுது. இருக்கைப் பிரம்பு நடுவுல விட்டுப்போச்சு. மெஷின் போட்டு இழைச்சு பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிச்சுடலாம்னு பாலிஷ்காரர் சொல்றார். சரிங்களா?

உளிச்சத்தம்:
மெஷின் வேண்டாங்க. இந்த நாற்காலிக்கு அழகே அந்தக் கைப்பிடி விளிம்போட வளைவுதான். அதை இழைச்சுட்டா திரும்ப வராது.

முதல்ல பூச்சு என்னன்னு பாருங்க. இருக்கைக்கு அடியில பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு அரை நிமிஷம் வைங்க. பிசுபிசுன்னு ஒட்டினா அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டே தொட்டுத் துடைச்சா கழண்டு வந்துடும். அப்புறம் 180, 220 நம்பர் உப்புத்தாள், நாரோட்டத்துல, கையால.

கறுப்பு, மரத்தோட டானினும் (துவர்ப்புச் சத்து) ஆணி இரும்பும் ஈரத்துல சேர்ந்து வந்தது. உள்ளே இறங்கியிருக்கும், தேய்ச்சா போகாது. ஆணியைப் பிடுங்கிட்டு, ஒரு லிட்டர் வெந்நீர்ல 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் தூள், பிளாஸ்டிக் வாளியில கலக்குங்க. கையுறை கட்டாயம். கறை மேல மட்டும் பூசினா அந்த இடம் வெளுத்துத் திட்டாத் தெரியும். கைப்பிடி முழுக்கப் பூசுங்க. 20 நிமிஷம் கழிச்சு நல்ல தண்ணியில மூணு தரம் துடைங்க. ஆசிட் உப்பு மரத்துல தங்கினா, அடுத்து உப்புத்தாள் போடும்போது பறந்து தொண்டையை எரிக்கும். திரும்ப ஆணி வேண்டாம், பித்தளை ஸ்க்ரூ போடுங்க.

ஆடுற காலுக்கு மேலயே ஃபெவிகால் ஊத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மூட்டுக்குள்ள பழைய வஜ்ஜிரம் (தோல், எலும்புல காய்ச்சின பசை) மரத்தோட துளையை அடைச்சிருக்கும், புதுப் பசை இறங்காது. கழட்டி, வெந்நீர்த் துணி சுத்தி இளக்கி, சுரண்டி எடுங்க. தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம், அதனால ஒட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தின்னர்ல ஒரு துடைப்பு. கிளாம்ப் 24 மணி நேரம். கிளாம்ப் இல்லைன்னா கயிறு சுத்தி, நடுவுல குச்சி விட்டு முறுக்கிக் கட்டுங்க.

பின்னல்கூடம்:
பிரம்பு வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்துத் துளையையும், துளைக்குத் துளை இடைவெளியையும் அளந்துட்டுப் போங்க. பட்டை அகலம் அதை வச்சுத்தான். தண்ணியில 20 நிமிஷம் ஊறினா போதும், ராத்திரி முழுக்கப் போட்டா மினுமினுப்பு போயிடும். வழவழப்பான முகம் மேல வரணும். காயும்போது தானே இறுகும், அதனால வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டாதீங்க, ஓரத்துல அறுந்துடும். பாலிஷ் முடிஞ்சப்புறம்தான் பின்னல். பிரம்போட அடிப்பக்கம் எதுவும் பூசக் கூடாது. அந்த முகம்தான் ஈரம் குடிக்கும். கோடையில மாசம் ஒரு தரம் அங்கே ஈரத்துணி ஒத்தினா வெடிக்காது.

வைகைக்கரை:
ஸ்பிரிட் வச்சுப் பார்த்தேன் அண்ணே, ஒட்டுது. இப்பவே பாலிஷ் போட்டுடலாமா? மதியத்துக்கு மேல மழை இருக்கு.

உளிச்சத்தம்:
அப்ப அரக்குதான், பி.யூ. தேவையே இல்லை. ஆனா மழை ஈரத்துல போடாதீங்க தம்பி. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காத்து ஈரம் படியும், பாலாடை மாதிரி வெளுத்துடும். நம்ம சித்திரை வெயிலும் ஆகாது, துணி இழுக்குறதுக்குள்ள காய்ஞ்சு கோடு கோடா நிக்கும். மழை விட்ட நாள், காலையில நிழல்ல போடுங்க.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அவலரக்கு (அவல் மாதிரி செதிலா இருக்குற அரக்கு), ராத்திரி ஊறவிட்டுத் துணியில வடிகட்டுங்க. இரும்புப் பாத்திரம் கூடாது. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில பொட்டலம் கட்டி, ஒரே இடத்துல நிறுத்தாம இழுங்க. பொட்டலம் ஒட்டினா ஒரு சொட்டு லின்சீட் ஆயில் தொட்டுக்கலாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானே சூடாகித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க. கைப்பிடியில மட்டும் ரெண்டு பூச்சு கூட. சூடான காபி டம்ளரை அது மேல வைக்காதீங்க, அரக்கு வெள்ளை வட்டம் போட்டுடும்.