‘புரோப்’ என்பதற்குக் ‘கண்டறிதல்’ பொருந்தாது: கருனியின் சாதனச் சொற்கள் பற்றி ஒரு முன்மொழிவு

கணினியின் வன்பொருளை ஆளும் மைய நிரலான லினக்ஸ் கருனி (கெர்னல்) தொடங்கும்போது ஓடும் செய்திகளில், இன்ன சாதனத்தின் புரோப் பிழை எண் −2 உடன் தோற்றது என்ற வகை வரி ஒன்று சில கணினிகளில் தென்படும். இதைச் ‘சாதனத்தைக் கண்டறிய இயலவில்லை’ என்று தமிழாக்கினால், சாதனம் கருனியின் கண்ணிலேயே படவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கணினியைத் திறந்து வைஃபை அட்டையைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். ஆனால் −2 என்பது கோப்பு இல்லை என்பதற்கான பிழை எண். அட்டை கண்டறியப்பட்டுவிட்டது, அதைக் கையாளும் மென்பொருளான இயக்கியும் (டிரைவர்) ஏற்றப்பட்டுவிட்டது. அந்த இயக்கி அட்டைக்குள் செலுத்த வேண்டிய ஃபர்ம்வேர் (அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்பு வட்டில் இல்லாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்ற பிழையை இயக்கி திருப்பித் தந்தால், கருனி தோல்விச் செய்தியை அச்சிடுவதே இல்லை. இந்த இயக்கி இந்தச் சாதனத்தை ஏற்கவில்லை என்று பிழைத்திருத்தக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு கடந்துவிடுகிறது. ஆகவே அந்தச் செய்தி எதைச் சொல்லவில்லையோ, அதையே ‘கண்டறிதல்’ என்ற தமிழ்ச்சொல் சொல்லிவிடுகிறது.

டிடெக்ட், டிஸ்கவர், எனுமரேட், புரோப் ஆகிய நான்குக்கும் ‘கண்டறிதல்’ என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால் வரும் குழப்பம் இது. ஆங்கில அகராதியில் இவை அண்டை அயல் சொற்கள் என்பது உண்மை. ஆனால் கருனிக்குள் இவை வெவ்வேறு கட்டங்களில், வெவ்வேறு நிரல்பகுதிகள் செய்யும் வேலைகள். எனவே ஆங்கிலச் சொல்லை எடுத்து வைத்து அதற்கு நிகர் தேடுவதைவிட, நடக்கும் வேலையைப் பார்த்துப் பெயரிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பொதுத் தடத்துக்குப் பாட்டை (பஸ்) என்று பெயர். 1992இல் வந்த பிசிஐ பாட்டையை எடுத்துக்கொள்வோம். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்களும் மென்பொருளின் பார்வையில் இதே முறையில்தான் தெரிகின்றன. ஒவ்வொரு சாதனத்துக்கும் அமைவுப் பதிவகங்கள் (சாதனத்துக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) கொண்ட தனிப்பகுதி உண்டு. அதன் தொடக்கத்தில் தயாரிப்பாளர் எண் 16 பிட்டுகளிலும் சாதன எண் 16 பிட்டுகளிலும் எழுதப்பட்டிருக்கும். பதினறும முறையில் 8086 என்று வந்தால் அது இன்டெல். ஒரு பாட்டையில் 32 சாதன இடங்கள், ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் 8 செயற்கூறுகள் (தனித்தனி உட்சாதனங்கள்) வரை இருக்கலாம். கருனி ஒவ்வோர் இடமாகச் சென்று தயாரிப்பாளர் எண்ணைப் படிக்கிறது. 16 பிட்டும் 1 ஆகவே திரும்பி வந்தால் அங்கே யாரும் இல்லை என்று பொருள். அந்தப் பாட்டையின் இடங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, இன்னொரு பாட்டைக்கு இட்டுச்செல்லும் பாலங்கள் எதிர்ப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் அப்பாலுள்ள பாட்டைக்கு ஓர் எண் கொடுத்து, உள்ளே சென்று, அங்கிருப்பவை அனைத்தையும் பதிந்துகொள்கிறது. வீடு வீடாகச் சென்று குடியிருப்போரைப் பதியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே எனுமரேஷன் என்பதற்குக் ‘கணக்கெடுப்பு’ என்பதையே முன்மொழிகிறேன்.

‘எண்ணிடல்’ என்ற மாற்று முன்மொழிவு ஏற்கெனவே உண்டு. அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது. யுஎஸ்பியில் புதிதாகச் செருகப்பட்ட சாதனம் முதலில் 0 என்ற பொது முகவரியில்தான் பேசுகிறது. அதன்பின் 1 முதல் 127 வரை ஏதோவொரு முகவரியைக் கருனி அதற்குக் கொடுக்கிறது. ஆனால் யுஎஸ்பியில் எண் கொடுப்பது பல படிகளில் ஒன்று மட்டுமே. சாதனம் தன் தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேலிழுத்துத் தன் வரவை உணர்த்துகிறது. சாதனம் செருகப்பட்ட ஹப் அந்த மாற்றத்தைத் தெரிவிக்கிறது. கருனி அந்த முனையை மீட்டமைத்து, முகவரியிட்டு, சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரணங்களைப் படித்து, உரிய அமைவைத் தேர்ந்தெடுக்கிறது. இதில் நடுவிலுள்ள ஒரு படியை ‘முகவரியிடல்’ என்றும் முழுவதையும் ‘கணக்கெடுப்பு’ என்றும் சொன்னால் இரண்டும் மோதாமல் நிற்கும்.

கணக்கெடுப்பில் அகப்பட்ட சாதனத்துக்கு நினைவக முகவரிகளைத் தர வேண்டும். எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அறிய பிசிஐ ஓர் அழகான வழியை வைத்திருக்கிறது. முகவரிப் பதிவகத்தில் எல்லா பிட்டுகளையும் 1 ஆக எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், சாதனம் தன்னால் மாற்ற இயலாத கீழ் பிட்டுகளை 0 ஆகவே காட்டும். தகவலுக்கென ஒதுக்கிய கடைசி 4 பிட்டுகளை நீக்கிப் பார்க்கையில் கீழ் 12 பிட்டுகள் 0 என்றால், அந்தச் சாதனத்துக்கு 4096 பைட்டு வேண்டும். இதை ‘இட ஒதுக்கீடு’ என்று எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். தமிழ் வாசகர் மனத்தில் அந்தத் தொடர் சமூகநீதியோடு பிணைந்த, நெடிய வரலாறுள்ள தொடர், அதை இங்கே இழுத்துவருவது இரண்டுக்கும் நல்லதன்று. ‘முகவரி ஒதுக்கீடு’ என்பது தெளிவாகவே இருக்கிறது.

இத்தனையும் முடியும்வரை இயக்கி என்ற ஒன்று காட்சிக்கு வரவே இல்லை. இதன் பின்னரே கருனி, சாதனத்தின் எண்களை ஒவ்வோர் இயக்கியும் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இதற்குப் ‘பொருத்தம் பார்த்தல்’ என்று நம்மிடம் ஆயத்தமாகவே சொல் இருக்கிறது. பொருந்திய இயக்கியின் நிரலில் புரோப் எனப்படும் பகுதியைக் கருனி அழைப்பது அதற்கு அடுத்த படி. அந்தப் பகுதி என்ன செய்கிறது? சாதனத்தை முடுக்குகிறது, பதிவகங்களை நினைவகத்தில் பொருத்திக்கொள்கிறது, சாதனம் கவனத்தைக் கோரும் குறுக்கீட்டுக்குப் பதிவு செய்கிறது, வலையமைப்பு அட்டையென்றால் ஓர் இடைமுகத்தை உருவாக்கி மேலடுக்குக்கு அறிவிக்கிறது. இதில் தேடுவதோ கண்டறிவதோ ஏதுமில்லை; இனி இந்தச் சாதனத்துக்கு நான் பொறுப்பு என்று இயக்கி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே லினக்ஸின் இன்றைய புரோப் என்பதற்குப் ‘பொறுப்பேற்பு’ என்பதை முன்மொழிகிறேன்.

இந்த வேலைக்குப் புரோப் என்ற பெயர் வந்ததற்கு வரலாறுதான் காரணம். பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ பாட்டையில் சாதனங்கள் தம்மை அறிவித்துக்கொள்ளும் ஏற்பாடு தொடக்கத்தில் இல்லை. என்இ2000 வகை வலையமைப்பு அட்டைக்கான இயக்கி, பதினறும முறையில் 300, 280, 320 என்று வழக்கமான துறை (போர்ட்) முகவரிகளை ஒவ்வொன்றாகப் படித்தும் எழுதியும் பார்த்து, விடை அட்டையினுடையதுபோல் இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த முகவரியில் வேறொரு சாதனம் இருந்துவிட்டால், படிப்பதே அதன் நிலையைக் கலைத்துவிடும். கணினி உறைந்து நிற்கவும்கூடும். இன்ன முகவரிகளைத் தொடாதே என்று கருனிக்குச் சொல்ல ‘ரிசர்வ்’ என்ற தொடக்க அளவுருவே தேவைப்பட்டது. இருட்டில் கைவிட்டுத் தேடும் இந்தச் செயலுக்குத் ‘துழாவல்’ என்பதே மிகப் பொருத்தமான சொல்; அதில் உள்ள ஆபத்தும் அந்தச் சொல்லிலேயே தொனிக்கிறது. பாட்டைகள் மாறின, துழாவ வேண்டிய தேவை குறைந்தது, லினக்ஸில் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பிற கருனிகளைப் பார்த்தால் இந்தப் பிரிவினை கண்கூடாகத் தெரியும். ஃப்ரீபிஎஸ்டியில் புரோப் என்பது, இந்தச் சாதனத்தை நான் கையாள முடியுமா, எவ்வளவு முன்னுரிமையோடு என்று இயக்கி விடை சொல்வதோடு முடிகிறது. பல இயக்கிகள் முன்வந்தால் கூடிய முன்னுரிமை பெற்றது வெல்லும். பொறுப்பேற்கும் வேலைக்கு அங்கே அட்டாச் என்று தனிப்பெயர். நெட்பிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் இவை மேட்ச், அட்டாச் என்று வழங்குகின்றன. ஆக, லினக்ஸின் புரோப்பும் ஃப்ரீபிஎஸ்டியின் அட்டாச்சும் தமிழில் ஒரே சொல்லைப் பெற வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியின் புரோப் ‘பொருத்தம் பார்த்தல்’ பக்கம் போக வேண்டும். ஒலிப்பு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரே சொல்லை ஒட்டினால், இரண்டு கருனிகளையும் ஒப்பிட்டுப் படிக்கும் மாணவர் தடுமாறுவார்.

துழாவல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. சில்லுகளை இணைக்கும் ஐ2சி பாட்டையில் இருக்கும் வெப்ப உணரிகள் போன்றவை பொதுவாகத் தம் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பாட்டையைத் துழாவும் ஐ2சிடிடெக்ட் கருவியின் கையேடே, தரவு இழப்பு நேரலாம் என்று எச்சரிக்கிறது. அதனால்தான் ஏஆர்எம் செயலி கொண்ட பலகைகளில் எந்த முகவரியில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதைச் சாதன மரம் என்ற விவரக் கோப்பில் எழுதிக் கருனியிடம் கொடுத்துவிடுகிறோம். இங்கே கருனி எதையும் கண்டுபிடிக்கவில்லை, அதற்குச் சொல்லப்படுகிறது. இவற்றை ‘அறிவிக்கப்பட்ட சாதனங்கள்’ என்று குறிப்பதும், கணக்கெடுப்பு என்ற சொல்லை இவற்றுக்குப் பயன்படுத்தாதிருப்பதும் நலம்.

பொறுப்பேற்பு என்ற சொல்லுக்கு ஒரு சோதனையாக அதன் கிளைச்சொற்களைப் பார்த்தேன். 2012இல் லினக்ஸ் 3.4 பதிப்பில் வந்த ஏற்பாட்டின்படி, தனக்கு வேண்டிய மின்வழங்கியோ கடிகாரமோ இன்னும் ஆயத்தமாகாவிட்டால், இயக்கி ‘பிறகு அழை’ என்று திருப்பிச் சொல்லலாம். கருனி அந்தச் சாதனத்தைத் தனிப் பட்டியலில் வைத்திருந்து, வேறொரு சாதனம் ஆயத்தமானதும் மறுபடி அழைக்கும். இது ‘பொறுப்பேற்பை ஒத்திவைத்தல்’ என்று இயல்பாகவே அமைகிறது. ‘கண்டறிதலை ஒத்திவைத்தல்’ என்றால் பொருளே மாறிவிடும். எதிர்ச்செயலான ரிமூவ் என்பதற்கு ‘நீக்கல்’ என்று போட்டால் கோப்பை நீக்குவதோடு குழம்பும். ‘பொறுப்பு விடுவிப்பு’ என்றால் இணைச்சொல்லாக நிற்கும். முதலில் சொன்ன செய்தியும் ‘இன்ன சாதனத்துக்கு இயக்கி பொறுப்பேற்க இயலவில்லை, பிழை −2’ என்றாகும். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால், இந்த மூன்று இடங்களிலும் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு முன்வைக்க வேண்டுகிறேன்.