ஃபிங்கர் லேக்ஸ்: நாயோடு போனால் எங்கே கூடாரம் போடலாம்?

மணியின் அம்மா:

அக்டோபர் முதல் வார இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் ஏரிப் பகுதிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நியூஜெர்சியிலிருந்து காரில் வருகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், அப்புறம் எங்கள் மணி. மூன்று வயது லேப்ரடார். தண்ணீரைக் கண்டால் பிடித்து நிறுத்த முடியாது. தரையில் எது கிடந்தாலும் வாய் வைத்துவிடுவான். வெடிச்சத்தம் என்றால் மட்டும் பயம். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்து வாணவேடிக்கை ராத்திரி முழுக்கக் குளியலறையிலேயே சுருண்டு கிடப்பான்.

கணவருக்கு ரீஸ்லிங் ஒயின் ருசி பார்க்க ஆசை. மகளுக்கு வாட்கின்ஸ் க்ளென் அருவிகள். எனக்கு ராத்திரி நெருப்பு மூட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். வாட்கின்ஸ் க்ளென் பூங்காவிலேயே கூடாரம் போட்டால் மணியையும் கூட்டிக்கொண்டு அருவிக்கு நடந்தே போகலாம் என்று நினைக்கிறோம். சரியாக வருமா? ஒயின் தோட்டங்களில் நாயை விடுவார்களா? விறகை இங்கிருந்தே ஏற்றிக்கொண்டு வரலாமா?

இதாகாவாசி:

வாங்க. திராட்சை அறுவடை நேரம், இலையும் நிறம் மாறியிருக்கும். ஆனால் வாட்கின்ஸ் க்ளென்னை நம்பித் திட்டம் போட வேண்டாம். அங்கே பள்ளத்தாக்குக்குள் அருவிகளை ஒட்டிப் போகிற கார்ஜ் டிரெயிலில் நாய்க்கு அனுமதி கிடையாது. 19 அருவிகளும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. முழுக்க ஈரமான கல் படிகள், ஒடுக்கமான வழி, விடுமுறை நாளில் நல்ல கூட்டம். அனுமதி இருந்தால்கூட நான் என் நாயை அங்கே கூட்டிப் போக மாட்டேன். மேலே விளிம்பில் போகிற இந்தியன் டிரெயிலில் நாயோடு நடக்கலாம். நீங்களும் மகளும் கீழே போய்விட்டு வரும்வரை கணவர் மணியோடு மேலே நடக்கட்டும்.

என்னைக் கேட்டால் டாகனாக் அருவிப் பூங்காதான் உங்களுக்குச் சரி. கயூகா ஏரிக்கரையில், எங்கள் இதாகா ஊரிலிருந்து பக்கம். அருவி 215 அடி, நயாகராவைவிட உயரம். அதன் அடிவாரம்வரை போகிற பாதை முக்கால் மைல்தான், கிட்டத்தட்ட சமதரை. ஆறடிக்கு மிகாத கயிற்றில் கட்டிக்கொண்டு மணியும் வரலாம். குடும்பம் பிரியாமல் பார்க்கக்கூடிய அருவி இது.

மாநிலப் பூங்காக்களில் இடம் பதிவு செய்யும்போது அந்த இடத்தில் நாயை அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள், முகாமின் சில பகுதிகளில் கிடையாது. ரேபிஸ் ஊசி போட்ட சான்றிதழ் கையில் இருக்கட்டும். நீச்சல் கரைக்கு நாய் வரக்கூடாது.

விறகு வேண்டாம். பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோவது நியூயார்க்கில் சட்டப்படி தவறு. விறகுக்குள் இருக்கிற பூச்சி இங்கே பரவினால் மரங்கள் செத்துவிடும். முகாமுக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைமேடு:

நான் எப்போதும் காட்டுக்குள்தான் தங்குவேன். செனகா ஏரிக்கும் கயூகா ஏரிக்கும் நடுவில், மேட்டின்மேல் ஃபிங்கர் லேக்ஸ் தேசியக் காடு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் இருக்கிற ஒரே தேசியக் காடு. நாயோடு நிம்மதியாக நடக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை. இன்டர்லோக்கன் டிரெயில் மட்டுமே 12 மைல். வழியில் மேய்ச்சல் நிலங்கள் வரும், மாடுகள் நிற்கும். மணியைக் கயிற்றிலேயே வைத்திருங்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். அக்டோபர் 1 முதல் வில்வேட்டைக்காரர்கள் வருவார்கள், அதனால் நீங்களும் ஆரஞ்சு நிற மேலாடை போட்டு, அவனுக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.

ஆனால் மேட்டில் குளிர் அதிகம். செனகா ஏரி 600 அடிக்கு மேல் ஆழம். கோடை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் அதன் சரிவில் திராட்சை உறைபனிக்குத் தப்புகிறது. கரையில் கூடாரம் போடுகிறவருக்கும் அந்த வெப்பம் கொஞ்சம் கிடைக்கும், மேலே இருப்பவருக்குக் கிடைக்காது. சின்னப் பெண் வருவதால் நீங்கள் கரையிலேயே தங்குங்கள், பகலில் காட்டுக்கு வந்து நடந்துவிட்டுப் போங்கள். எங்கே படுத்தாலும் மணிக்கு அடியில் தடியாக ஒரு விரிப்பு போடுங்கள். தரையிலிருந்துதான் குளிர் ஏறும்.

இதாகாவாசி:

மணி எதையும் வாயில் போடுவான் என்று சொன்னீர்களே, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். திராட்சை நாய்க்கு விஷம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று 2021 முதல் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இத்தனை பழம்வரை பரவாயில்லை என்று கணக்கே கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்கு சிறுநீரகமே போய்விடும். முதல் நாள் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், அப்புறம் சிறுநீர் குறையும்.

அறுவடை நேரத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவில் உதிர்ந்த பழம் கிடக்கும். அதைவிட மோசம், பிழிந்த சக்கையை உரமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். தோலும் விதையுமாக ஊதா நிறத்தில் குவிந்து, புளித்த வாடை தூரத்திலிருந்தே வரும். மனிதருக்கே மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், லேப்ரடாருக்குச் சொல்லவே வேண்டாம். கொடிகளுக்குள் கூட்டிப் போகாதீர்கள். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து புல்வெளி மேசைக்கு நேராக, கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். வெளியே உட்காரும் இடத்தில் நாயை அனுமதிக்கிற ஒயினரிகள் நிறைய உண்டு. இடத்துக்கு இடம் மாறும், போன் செய்து கேட்டுவிடுங்கள்.

தின்றுவிட்டான் என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. வழியிலேயே போன் செய்துகொண்டு கிளம்பிவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் வாந்தி எடுக்க வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

வெடிச்சத்தமும் உண்டு. பழத்தைக் கொத்த வரும் பறவைகளை விரட்ட, தோட்டங்களில் கேஸ் பீரங்கி வைத்திருப்பார்கள். துப்பாக்கி சுட்டதுபோல் விட்டு விட்டு வெடிக்கும். மணியைக் கூட்டிப் போகுமுன் அன்றைக்கு அது ஓடுகிறதா என்று அதே போனில் கேளுங்கள்.

மணியின் அம்மா:

ரொம்ப நன்றி. திராட்சை ஆகாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சக்கை விஷயம் தெரியாது. நல்லவேளை இப்போதே சொன்னீர்கள். கணவரிடம் படித்துக் காட்டினேன். தோட்டத்துக்கு ஒருவர் மட்டும் போவது, இன்னொருவர் மணியோடு முகாமில் இருப்பது என்று முடிவு செய்துவிட்டோம். டாகனாக்கில் இடம் பார்க்கிறேன். ஏரியில் அவனை இறக்கலாமா?

மலைமேடு:

அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோடைக் கடைசியிலிருந்து அக்டோபர்வரை இந்த ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி வரும். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோலவோ, கரையோரம் திட்டுத் திட்டாக ஏடு படிந்தோ இருந்தால் கிட்டேயே விடாதீர்கள். நாய்க்கு அது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் நனைந்துவிட்டால், உடம்பை நக்குவதற்குள் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். காரில் ஒரு கேன் தண்ணீர் அதற்கென்றே வைத்திருங்கள்.

அப்புறம் உண்ணி. குளிர்ந்தாலும் மான் உண்ணி இருக்கும். ராத்திரி கூடாரத்துக்குள் விடுமுன் காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மகளுக்கும் அதே மாதிரி.

இதாகாவாசி:

மகளுக்கு நொறுக்குத்தீனி எடுத்து வருவீர்கள் இல்லையா, அதில் உலர்திராட்சை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கூடாரத்துக்குள் சிந்தினால் மணிதான் முதலில் பார்ப்பான்.