சிவப்புச் சுழி, பச்சை டிக்: உங்க ஹெச்.எம். எப்படி?

கணக்கு டீச்சர்:
அரசு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஐந்து ஹெச்.எம்.களைப் பார்த்தாயிற்று. ரெண்டு பேரை மட்டும் சொல்றேன்.

முதலாமவர் ஒரு பைசா தொடமாட்டார், அதை ஒப்புக்கொண்டே ஆகணும். ஆனால் காலையில் மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். என் பஸ் அப்போதுதான் முக்கில் நிற்கும். ஓடி வந்தாலும் என் கட்டத்தில் தாமதம் என்று சுழி விழுந்திருக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஆறரை வரைக்கும் பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்போரை உட்காரவைத்து வடிவியல் வரையவைத்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மூணாவது சுழிக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து கடைசி பெல் அடித்ததும் பையைத் தூக்கிவிட்டேன். ஸ்டாஃப் ரூமே அப்படித்தான். ஸ்பெஷல் கிளாஸ் பேப்பரில் நடந்தது. பதிவேடு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அடுத்து வந்தவங்க விலங்கியல் பி.ஜி. டீச்சராக (முதுகலை ஆசிரியை) இருந்து பதவி உயர்வில் வந்த மேடம். லீவில் இருக்கறவங்க வகுப்புக்கு யார் போகணும்னு எழுதற சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் முதல் பேராக அவங்க பேரையே எழுதிக்கிட்டாங்க. அதுவும் எல்லாரும் தலைதெறிக்க ஓடும் எட்டாம் வகுப்பு 'பி', கடைசி பீரியட். எமிஸ்ங்கிற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்றவேண்டியது குவிந்தால் கம்ப்யூட்டர் முன்னால் நம்மோடு அவங்களும் உட்காருவாங்க.

ஒரு ஜனவரியில் மாமியார் ஆஸ்பத்திரியில். "ஈ.எல். லீவ் எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா, பத்தாம் வகுப்பை நான் பார்த்துக்கறேன்"னாங்க. பத்து நாள் கழித்து வந்து நோட்டைத் திறந்தால் எல்லாப் படத்துக்கும் பச்சை மையில் டிக். ரெண்டு தொடுகோட்டுப் படம் சுத்தத் தப்பு, அதுக்கும் டிக்! சிரிச்சுக்கிட்டே அன்னைக்கு ஏழு மணி வரை இருந்து திருத்திக் கொடுத்தேன். யாரும் இருக்கச் சொல்லலை.

மெட்ரிக் பள்ளி ஆசிரியர்:
எங்க பிரின்சிபால் கேமரா பார்த்துக்கிட்டு ரூமிலிருந்தே மைக்கில் பேசுவார். "நைன்த் ஏ மிஸ், ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" பிள்ளைங்க நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் அவங்க கையில் இருந்ததால் மார்ச் வரைக்கும் பல்லைக் கடிச்சேன். மே மாசம் ஆறு பேர் ஒண்ணா விலகினோம்.

பொறுப்பு ஹெச்.எம்.:
டீச்சரோட முதல் ஹெச்.எம்.முக்காகவும் ஒருத்தர் பேசணுமில்லையா. நடுநிலைப் பள்ளியில் ஏழு மாசம் பொறுப்பில் இருந்தேன். எனக்கு முன்னாடி இருந்தவர் தங்கமானவர்னு பேர் வாங்கினவர். எவரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஒருத்தர் தினம் பத்து மணிக்குச் சிரிச்சுக்கிட்டே வருவார், அவர் கிளாஸையும் சேர்த்து நாங்க ரெண்டு பேர் மேய்ப்போம். அந்தத் தங்கத்தால் எனக்கு வேலையே வெறுத்துப்போச்சு. பொறுப்புக்கு வந்த முதல் நாளே சிவப்புப் பேனா வாங்கினேன். காலையில் வருகையை ஏற்றலைன்னா பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸிலிருந்து போன் வேற.

கணக்கு டீச்சர்:
நியாயம்தான் சார். அந்தப் பத்து மணிக்காரர் சுழிக்கு அப்புறம் திருந்தினாரா?

பொறுப்பு ஹெச்.எம்.:
அவருக்கு எங்க டீச்சர் சுழி விழுந்தது? நான் பேனாவைத் திறக்கறதுக்குள்ள பர்மிஷன்னு மெசேஜ் அனுப்பிடுவார். விழுந்ததெல்லாம் பஸ்ஸில் வந்த ரெண்டு டீச்சருக்குத்தான்.