கிட்டார் ஆக்டேவ்-அப் பெடல்: மேல் ஸ்வரம் தெளிவாக வரவில்லை

கேள்வி:
ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் பெடல், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட். ஒரே 2என்3904 டிரான்சிஸ்டர், கலெக்டரிலும் எமிட்டரிலும் 10கே ரெசிஸ்டர், பேஸுக்கு 9 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுவரை இரண்டு 100கே. கடைசியில் இரண்டு 1என்34ஏ ஜெர்மானியம் டையோடு. சத்தம் வருகிறது, ஆனால் வெறும் ஃபஸ் (கரகரப்பு) மாதிரிதான். எங்கே பார்க்கலாம்?

பதில் 1:
பேஸ் பயாஸ்தான் (பேஸில் நிற்கும் வோல்ட்டேஜ்) முதல் சந்தேகம். இரண்டு 100கே போட்டால் பேஸில் 4.5 வோல்ட், எமிட்டரில் 3.9, கலெக்டரில் 5.1. இடையில் 1.2 வோல்ட்தான், சிக்னல் ஆட இடமே இல்லை. 9 வோல்ட் பக்கத்து 100கே-யை எடுத்துவிட்டு 220கே போடுங்கள். எமிட்டர் 2.2, கலெக்டர் 6.8 அருகே நிற்கும்.

பதில் 2:
பயாஸ் சரியானாலும் கலெக்டர், எமிட்டரிலிருந்து வரும் இரு பாதியும் சமமாக இல்லையென்றால் அடிப்படை ஸ்வரம் கசியும். டையோடுகளை மல்டிமீட்டரில் ஜோடி சேருங்கள், வித்தியாசம் 10 மில்லிவோல்ட்டுக்குள். விரலால் பிடித்து அளக்காதீர்கள் சார், சூட்டில் ஜெர்மானியம் ரீடிங் இறங்கும். எமிட்டர் 10கே-க்குப் பதில் 8.2கே-யோடு தொடராக 5கே டிரிம்பாட் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்). 12வது ஃப்ரெட்டில் வாசித்துக்கொண்டே, கீழ் ஸ்வரம் மங்கும்வரை திருப்புங்கள். டையோடுக்குப் பின் லோடு (அடுத்து இணைப்பதன் ரெசிஸ்டன்ஸ்) 100கே-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் கலெக்டர் பக்க சிக்னல்தான் முதலில் தொய்யும்.

பதில் 3:
கிட்டாரை நேரடியாகச் செருகினால் டையோடு திறக்கவே சிக்னல் போதாது. முன்னால் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர் வேண்டும். நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் இருப்பது), டோன் குறைத்து, 12வது ஃப்ரெட்டுக்கு மேல் வாசியுங்கள். இரண்டு கம்பி சேர்த்து மீட்டினால் கரகரக்கும், அது பழுதல்ல.